இளம்பிள்ளை வாதம்: அன்றும் இன்றும்

(உறுப்பினர்கள் கூட்டம் ஒன்றில், மும்பையில் நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்திய விஷயமாக ஏதாவது பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டபோது, அவர் மனதில் இருந்தது சர்க்கரை வியாதியோ மூட்டு வலியோதான். நான் போலியோ என்றதும், "அதுதான் தேசத்தை விட்டே போய்விட்டதே, ஸார்?" என்றார். நியாயமான கேள்வி. அவர் சொன்னது வாஸ்தவமும் கூட. இயற்கையான போலியோ வைரஸால் நம் தேசத்தில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்காளம் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை. தேதி 2011 ஜனவரி 13. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009-ல், 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டு உலகத்திலேயே நாம்தான் முதலிடத்தில் இருந்தோம். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கே 'போலியோ இல்லை' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது. இது சாமான்யமான சாதனை இல்லை. வீடு வீடாக நடந்து சொட்டு மருந்து கொடுத்த அந்தப் பெண்களை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் வியாதி போனதே தவிர, வியாதி வந்தவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பெரியப்பா பிள்ளை, பக்கத்தாத்துப் பெண், கூடப் படித்த பையன் என்று யாராவது ஒருவர், ஒரு கால் சூம்பி, விந்தி நடந்தவர், நிச்சயம் ஞாபகத்துக்கு வருவார். அநேகமாக நன்றாகப் படித்திருப்பார். பாங்கிலோ, எல்.ஐ.சி.யிலோ, ரயில்வே கணக்கு இலாகாவிலோ உத்தியோகம் பார்த்திருப்பார். இந்த ஊரிலென்றால் முப்பது வருஷம் விரார் லோக்கலில் தொங்கியும் போயிருப்பார். யாரிடமும் ஒரு சலுகை கேட்டிருக்க மாட்டார்.

அவர்கள்தான் இப்போது ஐம்பது முதல் எழுபத்தைந்து வயதுக்குள் இருக்கிறார்கள். பிராக்டீஸ் செய்த கடைசி பதினைந்து வருஷங்களில் அவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே. "டாக்டர், நாற்பது வருஷமாக இந்தக் காலோடு நன்றாகத்தான் இருந்தேன். இரண்டு வருஷமாகப் படி ஏற முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் உடம்பில் சக்தியே இல்லை. நல்ல கால் கூட வலிக்கிறது." அகத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பேன். "வயசாச்சோல்லியோ என்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்."

வயசுதான், சந்தேகமில்லை. ஆனால் வயசு மட்டுமில்லை. அதைப் புரிந்து கொள்ள, போலியோ முதலில் உடம்புக்குள் என்ன செய்தது என்று தெரிய வேண்டும். நம் ஜனங்களில் மெத்தப் படித்தவர்கள் கூட, போலியோ காலில் வருகிற வியாதி, தசையில் வருகிற வியாதி என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

போலியோ வைரஸ் வாய் வழியாக வருவது. அசுத்தமான தண்ணீர், கை, தின்பண்டம் இவற்றோடு உள்ளே போய், தொண்டையிலும் குடலிலும் பெருகும். நூறு குழந்தைகளுக்கு இந்த வைரஸ் தொற்றினால் எழுபதுக்கு மேல் ஒன்றுமே தெரியாது. இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்கு இரண்டு நாள் ஜுரம், தொண்டை வலி, வயிற்றுக் கோளாறு. தாயார் சுக்குக் கஷாயம் கொடுப்பாள், சரியாகிவிடும். மிகச் சிலருக்குக் கழுத்து விறைக்கும், தலைவலி இருக்கும், அதுவும் தீர்ந்துவிடும். கை கால் விழுந்து போவது சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான். நம் தெருவில் ஒரு குழந்தைக்குக் கால் போயிருந்தால், அதே பருவத்தில் அந்தப் பேட்டை முழுவதும் இருந்த மற்றக் குழந்தைகள் வயிற்றிலும் இந்த வைரஸ் இருந்து போயிருக்கும் என்று அர்த்தம். யாரோ செய்த பாவம் என்றெல்லாம் அந்தக் காலத்தில் தாயார்களை வதைத்தார்கள். ஒரு பாவமும் இல்லை.

அந்த ஒரு குழந்தையிடம் வைரஸ் ரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்குப் போய்விடுகிறது. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி தெரியும். அதன் முன்பக்கத்து இறக்கைகளில்தான் நம் தசைகளை இயக்குகிற நரம்பணுக்கள், அதாவது மோட்டார் நியூரான்கள், இருக்கின்றன. பாரிஸில் சார்க்கோ என்ற மகா மேதை 1870-லேயே, போலியோ வந்து இறந்தவரின் தண்டுவடத்தில் இந்த அணுக்கள் அழிந்து கிடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிவிட்டார். காரணம் ஒரு வைரஸ் என்று வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் கண்டுபிடித்தது பின்னால், 1908-ல். ரத்த குரூப் கண்டுபிடித்தாரே, அதே லாண்ட்ஸ்டைனர்தான்.

இந்த அணுக்களிலிருந்து புறப்படும் நார்தான் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வரை போய்த் தசையைத் தொடுகிறது. தசை தானாகச் சுருங்காது. மேலிருந்து உத்தரவு வந்தால்தான் சுருங்கும். உத்தரவு கொடுக்கிற அணு செத்துவிட்டால், தசை பழுதில்லாமல் இருந்தும் பிரயோஜனமில்லை. வேலை இல்லாத தசை நாளடைவில் வற்றிச் சூம்பிவிடுகிறது. நாம் கண்ணால் பார்க்கிற சூம்பின கால் அந்தக் கடைசிக் கட்டம்தான்.

உணர்ச்சியைக் கொண்டு போகும் நரம்புகள் வேறு. அவற்றைப் போலியோ தொடுவதில்லை. ஆகவே அந்தக் காலில் எறும்பு கடித்தால் உறைக்கும், சுடு தண்ணீர் பட்டால் துடிக்கும், நகர்த்த மட்டும் முடியாது. மூளையில் ரத்தக் குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்தில் கை கால் முறுக்கிக் கொண்டு விறைப்பாக இருக்கும். போலியோவில் துவண்டு தொங்கும். சுத்தியலால் முழங்காலில் தட்டினால் கால் உதறாது. இரண்டு காலும் ஒரே அளவு பாதிக்கப்படுவதும் அபூர்வம். எந்த அணு செத்தது, எது பிழைத்தது என்பதில் ஒரு ஒழுங்கே கிடையாது. தொடையின் முன்பக்கத் தசை முழுக்கப் போய், பின்பக்கத் தசை ஜோராக வேலை செய்யும். தொடை மேல் கையை ஊன்றி ஊன்றி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது வலிக்காக இல்லை. முன்தொடைத் தசை இல்லாமல் முழங்கால் மடங்கிக் கொள்ளும். அது மடங்காதபடி கையால் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு குழந்தை தானே கண்டுபிடித்த வித்தை அது. எனக்கு ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பிரமிப்பாக இருக்கும்.

சிலருக்கு வைரஸ் இன்னும் மேலே ஏறி, விழுங்குவதற்கும் மூச்சுக்கும் உண்டான நரம்பணுக்களைத் தாக்கும். கை கால் விழுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இதனால்தான் இறந்தார்கள். நுரையீரலில் ஒரு கோளாறும் இராது, துருத்தியை இழுக்க ஆளில்லை, அவ்வளவுதான். 1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது போதிய இயந்திரங்கள் இல்லாமல், மருத்துவக் கல்லூரி மாணவர்களே இரவு பகலாக முறை போட்டுக் கொண்டு, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி நோயாளிகளுக்குச் சுவாசம் கொடுத்தார்கள். இன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிற ஐ.சி.யு. அங்கே பிறந்ததுதான்.

ஊசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்களில் இந்தக் குறை ஐம்பது வருஷமாக மனதில் இருக்கிறது. "ஜுரம் என்று கூட்டிக் கொண்டு போனோம், இடுப்பில் ஊசி போட்டார், மறுநாள் கால் போய்விட்டது" என்பார்கள். போலியோவை ஊசி உண்டாக்காது. ஆனால் வைரஸ் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் சமயத்தில் தசையில் ஊசி போட்டால், காயம் பட்ட அந்தத் தசையின் நரம்பு வழியாகவே வைரஸ் தண்டுவடத்துக்கு ஏறிவிடுகிறது. தாயார்கள் கவனித்தது சரிதான். எல்லா ஜுரத்துக்கும் ஒரு ஊசி என்ற நம் நாட்டுப் பழக்கம் எத்தனையோ குழந்தைகளின் காலை வாங்கியிருக்கிறது. ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நினைத்த நமக்கும் அதில் பங்கு உண்டு.

இனி, போன சக்தி எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பார்ப்போம். இன்றைய பேச்சின் உயிர்நாடி இதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். இருநூறு இலை. பத்துப் பேர் பரிமாறுகிறார்கள், ஆளுக்கு இருபது இலை. ஒரு மோட்டார் நியூரானும் இப்படித்தான், தனக்கென்று ஒதுக்கிய தசை இழைகளை மட்டும் கவனித்துக் கொள்ளும். கண்ணை அசைக்கும் நுட்பமான தசையில் ஒரு அணுவுக்குச் சில இழைகள்தான். கெண்டைக்கால் போன்ற பெரிய தசையில் ஒரே அணு ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை இயக்கும்.

திடீரென்று ஆறு பேர் போய்விட்டார்கள். நூற்றிருபது இலை காலி. பந்தி நின்றுவிட வேண்டியதுதான். ஆனால் மிச்சமிருக்கிற நாலு பேர் பக்கத்து வரிசையையும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். பிழைத்த நரம்பணு தன் நாரின் நுனியிலிருந்து புதிய கிளைகளை விடுகிறது. அனாதையாய் நிற்கும் பக்கத்து இழைகளைப் போய்த் தொட்டுத் தன்னோடு சேர்த்துக் கொள்கிறது. ஆளுக்கு ஐம்பது இலை என்றால் இருநூறும் நிறைந்துவிட்டது பாருங்கள். நிஜத்தில் ஒரு அணு தன் வழக்கமான சுமையைப் போல ஐந்து, ஆறு மடங்கு கூட ஏற்றுக் கொள்வதுண்டு. இந்த வேலை முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், பிறகு இரண்டு வருஷம் வரை மெதுவாகவும் நடக்கும். அடிபட்டு மயங்கிக் கிடந்த சில அணுக்களும் இதற்குள் எழுந்துவிடும். அதற்கு மேல் தசைக்குத் தேகப்பயிற்சி கொடுத்தால் இருக்கிற இழைகள் தடிக்கும்.

பக்கத்து வரிசைக்குத்தான் போக முடியும், அடுத்த ஹாலுக்குப் போக முடியாது. ஒரு தசையின் எல்லா அணுக்களும் செத்திருந்தால் அந்தத் தசை போனது போனதுதான். பாதி அணுக்கள் செத்திருந்தாலோ, டாக்டர் கையால் அழுத்திப் பார்க்கும்போது "நார்மல்" என்றே எழுதிவிடுவார். 'நல்ல கால்' என்று நாம் சொல்வது பல சமயம் இதுதான். அதுவும் அடிபட்ட கால். நன்றாகச் சமாளித்த கால் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஊசி முனையால் தசையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனையில், ஒரே அணுவின் அலை சாதாரணத்தை விட மிகப் பெரிதாகத் தெரியும். ஐம்பது இலைக்காரர் அங்கே பிடிபட்டுவிடுவார்.

வளரும் எலும்புக்குத் தசையின் இழுப்பு வேண்டும். அது இல்லாததால் கால் குட்டையாகிறது. ஒரு பக்கத் தசை இழுத்து எதிர்ப்பக்கம் இழுக்காததால் பாதம் கோணுகிறது. தசை வேலை செய்யாத கால் சில்லென்று, சில சமயம் நீலம் பாரித்தும் இருக்கும். இதற்கெல்லாம் ஆபரேஷன், காலிப்பர், பிஸியோதெரபி என்று இந்த மும்பையில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. பாத்திமா இஸ்மாயில் என்ற அம்மாள், தன் பெண்ணுக்குப் போலியோ வந்து ஊர் ஊராக வைத்தியம் தேடி அலைந்து, பிறகு மற்றக் குழந்தைகளுக்காக 1947-ல் இங்கே ஒரு கிளினிக் ஆரம்பித்தார். அந்த மாதிரி இடங்களில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே மந்திரம்: முயற்சி செய், இன்னும் கொஞ்சம் முயற்சி செய். அந்த வயதில் அது சரியான மந்திரம்தான். கிளை விடுகிற காலம் அது.

இப்போது பந்திக்குத் திரும்புவோம். அந்த நாலு பேர் ஒரு பந்தி இல்லை, நாற்பது வருஷம் விடாமல் பரிமாறுகிறார்கள். களைத்துப் போகிறார்கள். முதலில் என்ன செய்வார்கள்? கோடியில் இருக்கும் இலைகளை விட்டுவிடுவார்கள். நரம்பணுவும் தான் விட்ட அதிகப்படிக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பிக்கிறது. போதாக்குறைக்கு வயது. அறுபதுக்கு மேல் எல்லோருக்குமே மோட்டார் நியூரான்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. பத்துப் பேரில் ஒருவர் போனால் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. நாலு பேரில் ஒருவர் போனால் ஒரே நாளில் ஐம்பது இலை காலி. "எல்லோருக்கும்தான் வயசாகிறது" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்குப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர். போலியோ வந்து பதினைந்து வருஷத்திலிருந்து நாற்பது வருஷத்துக்குள், சமயத்தில் அதற்கும் பின்னால், தலைகாட்டும். போலியோவில் பிழைத்தவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து நாற்பது பேருக்கு வருகிறது. வைரஸ் திரும்பி வரவில்லை. மற்றவர்களுக்குத் தொற்றவும் தொற்றாது. பேரக் குழந்தையைத் தூக்கலாமா என்று ஒரு மாமி கண்ணில் ஜலத்தோடு கேட்டார். தாராளமாகத் தூக்கலாம், தோள் வலி இல்லாவிட்டால்.

இதுவும் புதிய வியாதி இல்லை. 1875-லேயே பிரான்சில் ரேமோன் என்ற டாக்டர், குழந்தையில் போலியோ வந்து பிறகு தோல் பதனிடும் வேலையில் கடுமையாக உழைத்த பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புதிதாகப் பலவீனம் வந்ததை எழுதியிருக்கிறார். பிறகு நூறு வருஷம் உலகம் அதை மறந்துவிட்டது. 1952-ல் அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் 57,000 பேருக்கு மேல் போலியோ வந்தது. அவர்கள் முப்பது வருஷம் கழித்து, 1980-களில், கூட்டம் கூட்டமாக டாக்டர்களிடம் போனபோதுதான் மறுபடி கண் திறந்தது. நம் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் தடுப்பு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர வெகுகாலம் ஆயிற்று. பல்ஸ் போலியோ தேசம் முழுவதும் ஆரம்பித்ததே 1995 டிசம்பரில். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கால் விழுந்த குழந்தைகள் லக்ஷக்கணக்கில். அவர்களுக்கு இப்போதுதான் அந்த வயது வருகிறது. நம் இளம் டாக்டர்களோ போலியோ நோயாளியைப் புஸ்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு அன்பரின் கதையைச் சொல்கிறேன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. படி ஏறும்போது களைப்பு என்று ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். எடை கூடியிருக்கிறது, தினம் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து முயற்சி, முயற்சி என்று வளர்ந்தவர் அல்லவா, ஒரு நாள் தவறாமல் நடந்திருக்கிறார். மூன்றாவது மாதம், பாத்ரூமில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அமிர்தமான அந்த ஒரு மணி நடை இவருக்கு நாலு பேரையும் ஓட ஓட விரட்டியதாகிவிட்டது. நடையை நிறுத்தி, வேலைகளைப் பிரித்து, காலிப்பர் போட்டு, ஏழெட்டு மாதத்தில் ஓரளவு தேறினார். பழைய நிலைமை முழுக்க வரவில்லை.

அப்படியானால் தேகப்பயிற்சியே கூடாதா என்றால், அதுவும் தப்பு. சும்மா படுத்திருந்தால் இருக்கிறதும் போகும். அளவுதான் விஷயம். வலியோ நடுக்கமோ வருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். இடையிடையே ஓய்வு வேண்டும். இன்று செய்ததன் களைப்பு நாளைக் காலையிலும் இருந்தால், இன்று செய்தது அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் செய்யும் பயிற்சி உத்தமம், தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக் கொள்ளும். போலியோ தெரிந்த ஒரு பிஸியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் செய்யுங்கள். நல்ல சக்தி உள்ள தசைக்கு ஒரு அளவு, பலவீனமானதற்கு வேறு அளவு.

எல்லாப் பழியையும் போலியோ தலையில் போடுவதும் சரியில்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு, முதுகெலும்பில் நரம்பு நசுங்குவது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முக்கியமாக நம்மவர்களுக்கு பி-12. சைவ சாப்பாட்டில் பால், தயிர் தவிர பி-12 அநேகமாகக் கிடையாது. அதையும் காபிக்குப் போக மீதிதான் நாம் சாப்பிடுகிறோம். பி-12 குறைந்தாலும் களைப்பு வரும், நரம்பு கெடும். அது மாத்திரையிலோ ஊசியிலோ சரி செய்யக் கூடியது. போலியோ என்று சொல்லிக் கொண்டு அதை விட்டுவிடக் கூடாது. போஸ்ட் போலியோவுக்கு மட்டும், குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. எண்ணெய், லேகியம், கரண்ட் மெஷின் என்று ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மருந்து இல்லாத இடத்தில் வீட்டு ஏற்பாடுதான் வைத்தியம். பதினைந்து வயதில் தூக்கி எறிந்த காலிப்பரைத் திரும்பப் போடு என்றால் பலருக்குத் துக்கம் தொண்டையை அடைக்கும். தோற்றுப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். இன்றைய பிளாஸ்டிக் காலிப்பர் பழைய இரும்பு மாதிரி கனக்காது, பேண்ட்டுக்குள் தெரியவும் தெரியாது. நாற்பது வருஷம் ஊன்றுகோல் பிடித்தவர்களுக்குத் தோள்பட்டைதான் முழங்கால். அது தேய்ந்தால் நடமாட்டமே நின்றுவிடும். வெளியே தூரம் போக வேண்டிய இடங்களுக்குச் சக்கர நாற்காலியில் போனால் தோள் மிஞ்சும், போன இடத்தில் நாலு பேரோடு பேசத் தெம்பும் மிஞ்சும். சமையலறையில் உயரமான ஸ்டூல் ஒன்று போடுங்கள். கறிகாய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் உட்கார்ந்தே ஆகலாம். விசேஷங்களில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி அவர்களை சங்கடப்படுத்தாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் எந்தக் கர்மாவும் கெட்டுப் போகாது. குளிர் நாட்களில் கால் தசை இன்னும் மந்தமாகும், டில்லி, நாக்பூர் பக்கம் இருப்பவர்கள் கம்பளிக் காலுறை போட்டுக் கொள்ளட்டும்.

மூச்சு விஷயத்தில் அலட்சியம் கூடாது. சின்ன வயதில் மார்புத் தசை பாதிக்கப்பட்டிருந்தாலோ, முதுகு கோணியிருந்தாலோ, தூங்கும்போது மூச்சு போதாமல் போகலாம். காலையில் எழுந்ததும் தலைவலி, பகல் முழுக்கத் தூக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இவையெல்லாம் அடையாளம். இவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ராத்திரி முகமூடி வழியாக மூச்சைத் தள்ளும் சிறிய இயந்திரம். வெறும் ஆக்ஸிஜன் மட்டும் வைத்தால், உள்ளே சேரும் கார்பன் டை ஆக்ஸைடு தெரியாமல் ஏறி ஆபத்தாக முடியும். நெஞ்சு மருத்துவரிடம் "எனக்குப் போலியோ வந்திருந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அதே வாக்கியத்தை ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்ல வேண்டும். கண்புரை, ஹெர்னியா, முழங்கால் என்று இந்த வயதில் ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும். போலியோ வந்தவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்துகள் அதிகமாக வேலை செய்யலாம். மயக்கம் தெளிய நேரமாகலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில மணி நேரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும். முன்னாலேயே தெரிந்தால் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். எந்த வயதில் போலியோ வந்தது, எந்தக் கை கால், என்ன ஆபரேஷன் ஆயிற்று, மூச்சில் கஷ்டம் இருந்ததா, புதிதாக என்ன பலவீனம், எந்த வருஷத்திலிருந்து, இவற்றை ஒரு தாளில் எழுதி, ஆதார் கார்டோடு சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே அத்தை, சித்தி யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். அந்த ஜுரம் எத்தனை நாள் இருந்தது என்று சொல்லக் கூடிய ஆள் இன்னும் பத்து வருஷத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பேரக் குழந்தைகளுக்கு இன்னும் சொட்டு மருந்து தேவையா என்று நடுவில் ஒரு சீட்டு வந்தது. கட்டாயம் தேவை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கையான வைரஸ் இன்னும் ஒழியவில்லை. தடுப்பு மருந்தில் இருக்கும் பலவீனப்படுத்திய வைரஸே, மருந்து போய்ச் சேராத இடங்களில் உருமாறிப் பலம் பெறுவதுண்டு. 2024-ல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு அந்த வகைதான் கண்டுபிடிக்கப்பட்டது. சொட்டு மருந்தோடு, ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தடவை போலியோ ஊசியும் இப்போது அரசாங்க அட்டவணையில் இருக்கிறது. ஒன்றையும் விட வேண்டாம்.

வாசலில் படி இருப்பதால் வரத் தயங்கியவர்கள் இரண்டு பேர் என்று காரியதரிசி என்னிடம் சொன்னார். அடுத்த கூட்டம் தரைத்தளத்தில் இருக்கும் ஹாலில் என்று நிர்வாகிகள் இப்போதே முடிவு செய்துவிட்டதாகவும் சொல்கிறார். மிகவும் சந்தோஷம்.  கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு கேளுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.